பழி சுமந்த சுரப்பி

கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, தோளுக்கு அடியில் துணிச் சுருட்டு ஒன்றைத் திணித்து, முகத்துக்கு மேலே பச்சைத் துணியைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், என் மூச்சு அந்தத் துணியில் பட்டு வெதுவெதுப்பாக எனக்கே திரும்பி வருகிறது, காலையில் பல் தேய்த்த பசையின் வாசனையோடு. அசையாதீங்கம்மா. அசையவில்லை. அறுபத்தொன்பது வயதில் இவ்வளவு சொன்னபடி கேட்டு நான் எங்கும் படுத்ததில்லை. எனக்கு இழுப்பு இருப்பதால் முழு மயக்கம் வேண்டாம் என்று கழுத்தை மட்டும் மரக்கவைத்திருக்கிறார்கள், வலி தெரியாது, ஆனால் தொடுவது தெரியும் என்றார் டாக்டர் ஷாகிரா, அப்படியேதான் இருக்கிறது, அடுத்த அறையில் யாரோ அலமாரியைத் துழாவுகிற மாதிரி, அந்த அலமாரி என் தொண்டை. ரெண்டு விரல் அகலக் கீறல்தான்மா, நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம், சங்கிலி போட்டா மறைஞ்சிடும். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்: தைராய்டுக்குப் பின்னால் நாலு மூலைக்கு நாலு சுரப்பி, ஒவ்வொன்றும் துவரம்பருப்பளவு, எலும்புக்கும் ரத்தத்துக்கும் நடுவே கால்சியத்தை அளந்து விடுவது அவற்றின் வேலை. எனக்கு இடப்பக்கக் கீழ் மூலையில் இருப்பது புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி, கேட்க ஆளில்லாமல் எலும்பிலிருந்து அள்ளி ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறதாம். முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவளுக்கு எதைக் கேட்டாலும் நான்கெல்லைதான் ஓடுகிறது, கிழக்கே மூச்சுக்குழல், மேற்கே ரத்தக்குழாய், வடக்கே தைராய்டு, தெற்கே காறை எலும்பு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட புளியங்கொட்டை ஒன்று. சிரிப்பு வருகிறது, சிரித்தால் தொண்டை ஆடும், ஆடினால் கத்தி ஆடும், வேண்டாம். வெளியே குமுதா உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைக்காமல் ஒரு நிமிஷம் போயிற்று, ஒரு நிமிஷம் கூட இருக்காது, இதோ மறுபடியும் வந்துவிட்டது. வெளியே நாற்காலியில், மடியில் என் மூக்குக்கண்ணாடியையும் வளையல்களையும் வைத்துக்கொண்டு, என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து வருஷம் என்னோடு பேசாதவள். பொய்யை நம்பி வந்திருக்கிறாள்.

பொய் சொன்னது நான் இல்லை, எழில், அவளும் பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. என் மகளுக்கு நான் நல்லவளாக இருக்கவேண்டும், அது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. எனக்குச் சிறுநீரகத்தில் கல் இரண்டு தடவை வந்தது, முதல் கல் எட்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது போன ஆடியில், அப்போதுதான் திருச்சியில் பார்த்த டாக்டர் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று சோதிக்கச் சொன்னார், பன்னிரண்டு, இவ்வளவு இருக்கக்கூடாதே என்று டாக்டர் ஷாகிராவிடம் அனுப்பினார். அன்று மாலை எழில் கைபேசியில் தேடி எனக்கு வாசித்தாள். எலும்பு வலி, அசதி, மலச்சிக்கல், மறதி, மனச்சோர்வு, எரிச்சல், சிடுசிடுப்பு. "அம்மா, இது வியாதி இல்லை, உன் ஜாதகம்" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று அழுதாள். "அப்போ அது நீ இல்லை. இத்தனை வருஷமும் நீ இல்லைம்மா. அந்தக் கால்சியம்." அவள் பிரசவத்துக்கு நான் நாலாம் நாள்தான் போனது, மருமகன் வாங்கிக் கொடுத்த புடவையை அவர் எதிரிலேயே வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தது, பேச்சுப் பேச்சாக இருக்கும்போது எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டது, ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் புளியங்கொட்டைக்குள் போட்டாள், எல்லாம் அடங்கியது. முகம் தெளிந்துவிட்டது அவளுக்கு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன், இல்லையடி, இதில் பாதி என்னுடையது என்று. அதோடு விட்டாளா, அடுத்த அறைக்குப் போய் மாயவரத்துக்குப் பேசினாள். "சித்தி, பாட்டி கருமாதி அன்னிக்கு அம்மா உங்களை ஒண்ணு சொன்னாங்கல்ல, அது அம்மா இல்லை சித்தி. ஒரு சுரப்பி கெட்டுப்போயி மூளைக்கே ஏறிடுமாம். டாக்டரே சொன்னாங்க." டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு மனசும் கொஞ்சம் தெளியும்மா, எல்லாருக்கும்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான் சொன்னார். நான் கொத்தவரங்காயைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாலு அடி நடந்தால் அந்தக் கைபேசியை வாங்கியிருக்கலாம். கிள்ளிக்கொண்டே இருந்தேன், நாரெல்லாம் போன பிறகும். எழில் "ஆமாம் சித்தி, ஆமாம் சித்தி, நிஜம்மா" என்று மூன்று தடவை சொன்னாள். நேற்றுப் பையோடு வந்து இறங்கினாள் குமுதா. முடி முழுக்க நரைத்திருந்தது, நான் பார்க்காமல் நரைத்த முடி. நேராக வந்து என் கழுத்தில் கை வைத்தாள். "இதுக்குள்ளயாக்கா இருக்கு? இத்தனூண்டா? அஞ்சு வருஷம் ஒரு புளியங்கொட்டை நம்ம ரெண்டு பேரையும் ஆட்டி வச்சிருக்கு பாரேன்." கை சில்லென்று இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்றால், ஆமாம் என்றேன். வாய் திறக்காமல் சொன்னாலும் பொய் பொய்தான்.

"வந்துடுச்சு. பாருங்க, எவ்வளவு சமத்தா வருது" என்கிறார் டாக்டர் ஷாகிரா துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "பிலோமினா, மணி?" "பதினொண்ணு பதினாலு டாக்டர்." தொண்டைக்குள் துழாவியது நின்றுவிட்டது, அலமாரியைச் சாத்தியாயிற்று. "அம்மா, தையல்நாயகி அம்மா, முழிச்சிருக்கீங்களா? எடுத்தாச்சு. இப்போ பத்து நிமிஷம் கழிச்சுக் கையில ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்புவோம். இந்த ஹார்மோன் ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்காது. தப்பு பண்ணின சுரப்பியைத்தான் எடுத்திருக்கோம்னா அளவு பாதிக்குக் கீழ இறங்கியிருக்கும். இறங்கலைன்னா இன்னொண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம், தேடணும். அரை மணி நேரம் பொறுத்துக்குங்க." பார்க்கலாமா என்று கேட்டேன், கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம், துணியின் ஓரத்தைத் தூக்கி எஃகுக் கிண்ணத்தைக் காட்டினார்கள். காப்பிப்பொடி நிறத்தில், ஈரமாக, ஒன்றுமறியாத மாதிரி ஒரு துண்டு. ஐயோ பாவம் என்றிருந்தது. இவ்வளவு சின்னதன் தலையில் இவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றிவிட்டோமே. துணி மறுபடியும் இறங்கியது. அவர்கள் காத்திருக்கிறார்கள், நானும், எல்லோரும் ஓர் எண்ணுக்காக. தலைமாட்டில் நிற்கும் டாக்டர் வில்சன் கேன்டீன் லெமன் சாதத்தில் கடலையை எண்ணிப் போடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். "பிலோமினா, உங்க வீட்டுக்காரர் இன்னும் ஹெல்மெட் போடாமத்தான் வண்டி ஓட்டுறாரா?" "அந்தத் தலைக்குள்ள என்ன இருக்குன்னு ஹெல்மெட் டாக்டர்." எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது, இறங்கினால் குற்றவாளி அகப்பட்டான், எழில் வென்றாள், நான் விடுதலை. இறங்காவிட்டால்? இறங்காவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு மூலை நினைக்கிறது. இறங்காவிட்டால் எழிலே சந்தேகப்படுவாள், குமுதாவே யோசிப்பாள், நான் வாய் திறக்காமலே உண்மை வெளியே வந்துவிடும். எவ்வளவு கோழை. உண்மையைக்கூட லேப்காரன் வந்து சொல்லட்டும் என்று படுத்திருக்கிறாள்.

கருமாதி அன்றைக்குக் குமுதாவிடம் சொன்ன அந்த வாக்கியத்தை நான் ரயிலில் எழுதினேன். காகிதத்தில் இல்லை, மனதில், ஆனால் எழுதினேன் என்றுதான் சொல்லவேண்டும். அம்மா போன பதினாறாம் நாள், திருச்சியிலிருந்து மாயவரத்துக்குக் காலை வண்டி. ஏறும்போது அது வாக்கியமாக இல்லை, வெறும் சூடாக இருந்தது, மார்பு எலும்புக்குப் பின்னால். முதல் தடவை, சாவுக்குப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே பெரியப்பா மகன் மாணிக்கவாசகம் கேட்டார், "என்ன தையலு, பொணத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் கிடைச்சுதா?" நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்கள் சிரிப்பை மறைத்தார்களா, எனக்காக வெட்கப்பட்டார்களா, பதினைந்து நாள் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் கேள்வி நியாயமானது. அந்த மாதத்தில் குமுதா மூன்று தடவை பேசியிருந்தாள். அக்கா, அம்மா உன்னையே கேட்கறா. அக்கா, ஒரு நடை வந்துட்டுப் போயேன். அக்கா, நீ வந்தா ரெண்டு வாய் சாப்பிடுவான்னு நினைக்கறேன். மூன்று தடவையும் உடம்பு முடியவில்லை என்றேன். முடியவில்லைதான், தொடை எலும்பு இரண்டும் ஈயம் ஊற்றிய மாதிரி இருந்தது, அதை வேண்டுமானால் சுரப்பிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன், போகாமல் இருந்தது அதன் பாகம், ஒப்புக்கொள்கிறேன். சொன்னது என் பாகம். தஞ்சாவூர் தாண்டியதும் முதல் வார்த்தை வந்தது, தூங்கிட்டே. வெறும் குற்றச்சாட்டாக இருந்தது, பாபநாசத்தில் அடித்துவிட்டேன். கும்பகோணத்தில் ஜன்னல் வழியாகத் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே அதை இரண்டாக உடைத்தேன்: அம்மாவும் தூங்கினா, நீயும் தூங்கினே. நன்றாக இருந்தது, தொட்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிற மாதிரி. முடிவு வரவில்லை. ஆடுதுறையில் வரவில்லை. குத்தாலத்தில் எதிர்வண்டிக்காக நிறுத்திப் போட்டார்கள், வேப்பமரத்தடியில் ஒருவன் ஆட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான், அப்போது வந்தது. நீ மட்டும் எழுந்திரிச்சே. அம்மாவும் தூங்கினா, நீயும் தூங்கினே, நீ மட்டும் எழுந்திரிச்சே. உடம்பெல்லாம் புல்லரித்தது, கல்லூரியில் ஆண்டு மலருக்குக் கவிதை எழுதிய நாட்களில் கடைசி வரி வந்து விழும்போது புல்லரிக்குமே, அதே புல்லரிப்பு, நாற்பது வருஷம் கழித்து. கவிதையில் மிச்சமிருந்த காது இதற்குத்தான் பயன்பட்டது. உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தேன், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நான் தோத்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டில், பந்தியில், அவசரப்படவில்லை நான். மாணிக்கவாசகம் உட்காரும்வரை காத்திருந்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் ஓயும்வரை காத்திருந்தேன். குமுதா பாயச வாளியோடு வரிசையில் வந்தாள், ராத்திரி பகலாக அம்மாவைப் பார்த்தது சின்னவதான் என்று யாரோ சொன்னார்கள், அவள் என் இலைக்குக் குனிந்தாள், மெதுவாகச் சொன்னேன், மெதுவாகச் சொன்னால்தான் எல்லோருக்கும் கேட்கும். அவள் வாளியைக் கீழே வைத்தாள். அழவில்லை. வாளியின் கைப்பிடி ஒரு பக்கமாக விழுந்து டங்கென்றது. உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், அன்றைக்குப் பிறகு யாரும் என்னை ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

"பதினொண்ணு இருபத்திநாலு. சாம்பிள் எடுத்துக்கலாம்." கையில் ஒரு குத்து, இது தெரிகிறது, இது மரத்துப்போகவில்லை. போய் வா ரத்தமே, போய் என்னைப் பற்றி எதையாவது சொல். ஒருவேளை எழில் சொல்வதுதான் சரியோ. யோசித்துப் பார், கால்சியம் பன்னிரண்டு, மூளை அதில் ஊறிக்கிடக்கிறது, ஊறிய மூளை ரயிலில் உட்கார்ந்து வாக்கியம் செய்கிறது, செய்தது யார்? கொடுமை வியாதியின் கொடுமை என்றால் அந்தத் தாளம்? மூன்று துண்டாக உடைக்கவேண்டும் என்று சுரப்பிக்குத் தெரியுமா? ஆளைப் பார்த்து, நேரம் பார்த்து, சத்தம் ஓயக் காத்திருக்கத் தெரியுமா? கோபம் அதனுடையதாக இருக்கலாம். காத்திருந்தது நான். அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் கேட்போம், எழுதிக் கொடுத்தது நீங்கதானே, படிச்சுப் பார்த்தீங்களா, யாராவது மிரட்டினாங்களா, சுயநினைவோடதானே கையெழுத்துப் போடுறீங்க. ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு கிழவர், மகனுக்கு வீட்டை எழுதி வைக்க வந்தவர், "சுயநினைவு இருந்தா இந்தப் பயலுக்கு எழுதி வைப்பனா தாயீ" என்றார், சார்பதிவாளர் வரை சிரித்தார்கள், அந்த மகனும் சிரித்தான். எல்லோரும் சிரித்த பிறகு அவர் விரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒற்றினேன். ஆமாம், சுயநினைவோடுதான். எவருடைய தூண்டுதலும் இல்லாமல். ஏனென்றால் இன்னொன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன், நாய் பாம்பைச் சுற்றுகிற மாதிரி. அவள் தூங்கினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாள். உறவில் வேறு யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும், அம்மா போன அரை மணியில், தொலைபேசியில். பகல் ரெண்டு மணிக்கு மருந்து கொடுத்துட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்தேன்கா, நாலு நாளா சரியாத் தூக்கமில்லை, கண் அசந்துட்டேன்கா, முழிச்சுப் பார்த்தா அம்மா ஜில்லுனு இருக்காக்கா. அழுகையில் பாதி புரியவில்லை. அந்த அழுகையிலிருந்துதான் சொல்லை எடுத்தேன். அது போதாதா? போதாது. அன்று சாயங்காலமே டாக்டர் கோதண்டபாணி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார், சாவுச் சான்று எழுதியவர், எங்கள் குடும்பத்துக்கே மருந்து கொடுத்தவர். "தூக்கத்துலயே இதயம் நின்னிருக்கும்மா. நானே பக்கத்துல உட்கார்ந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. உன் தங்கச்சி தான் தூங்கினதாலதான் போச்சுன்னு அடிச்சுக்கிறா, இப்போ நான் சொன்னா காதுல ஏறாது. நீ அக்கா, நீ சொன்னா கேட்பா. சொல்லிடு." சரி டாக்டர் என்றேன். சொல்லவில்லை. முதலில் அழுகை அடங்கட்டும் என்று சொல்லவில்லை, பிறகு ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லவில்லை, பிறகு மாணிக்கவாசகம் கேட்ட கேள்விக்குப் பின் அது எனக்குத் தேவைப்பட்டது, அவள் குற்றம் எனக்குத் தேவைப்பட்டது. மறு வருஷம் டாக்டரும் போய்விட்டார். இப்போது அதை அறிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான், அந்த நான் பச்சைத் துணிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறாள். எழிலின் கதையில் நான் தப்பிவிடுகிறேன். அக்கா பாவம், வியாதி. ஆனால் குமுதா? வியாதிக்காரி சொன்ன வாக்கியம் என்று அவள் என்னை மன்னித்தாள், தூங்கியது தூங்கியதுதானே அவளுக்கு. அதிலிருந்து அவளை யார் இறக்கிவிடுவார்கள்? நான் விடுதலையானால் அவள் உள்ளேயே இருப்பாள். அவளை வெளியே விட்டால் அவள் என்னிடமிருந்து போய்விடுவாள், இந்தத் தடவை மாயவரம் போனால் வரமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். நேற்று என் கழுத்தில் வைத்த கை. அந்தக் கையை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே. எனக்கும் வயதாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள், பிறகு சொல்கிறேன். இப்படித்தான் ஐந்து வருஷம் போயிற்று.

தொலைபேசி மணி, பிலோமினாவின் செருப்புச் சத்தம். "முன்னூத்திப் பன்னிரண்டுலேர்ந்து நாப்பத்தொண்ணு டாக்டர்." "ஆஹா" என்கிறார் டாக்டர் ஷாகிரா, ஒரு வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி. "அம்மா, இறங்கிடுச்சு. இதுதான் ஆள். முடிஞ்சுது." இறங்கிவிட்டது. நல்லது. எலும்புக்கு நல்லது. "குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது, அதான் ஒரு தடவை பார்த்துக்கறேன், ஏதாவது பேசுங்கம்மா." நரம்பு அறுந்து போயிருந்தால்? ஒரு கணம், ஒரே கணம், அந்த இடத்தில் மனது போய் நின்றது, குரல் இல்லாதவளை யார் எதைச் சொல்லச் சொல்வார்கள், ஆனந்தமாக ஊமையாக இருந்துவிடலாம். "அம்மா? பேசுங்க." என்ன பேச? "என்ன பேசறது" என்றேன். மணி மாதிரி வந்தது குரல், வெட்கங்கெட்ட குரல், அன்றைக்குப் பந்தியில் வந்த அதே குரல். "நல்லாருக்கு, பாட்டே பாடலாம்" என்றார் டாக்டர் வில்சன். கீழே தையல் போட்டார்கள், தோலை இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அறைக்குக் கொண்டுவந்து தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்தார்கள், கழுத்தைத் திருப்பக்கூடாது, நேரே பார்க்கத்தான் முடியும், நேரே சுவரில் ஒரு மின்விசிறி ஸ்விட்ச். எழில் வந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு மருந்துச் சீட்டோடு கீழே போனாள். குமுதா என் பார்வைக்குள் வந்து நின்றாள், கையில் என் வளையல்கள், ஒவ்வொன்றாக என் கையில் ஏற்றினாள். "போச்சாம்கா. அந்தச் சனியனை எடுத்துத் தூரப் போட்டாச்சாம். இனிமே நீ பழைய அக்கா." மூன்றாவது வளையல் எலும்பில் மாட்டிக்கொண்டது, மெதுவாக அழுத்தினாள். இன்னும் கொஞ்ச நாள் என்று நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தேன், எப்படித் திறந்தது என்று தெரியவில்லை, இந்தத் தடவை வாக்கியம் எதுவும் செய்து வைத்திருக்கவில்லை, வந்ததெல்லாம் கோணல்மாணலாக வந்தது. "குமுதா, அது வியாதி இல்லை. அன்னிக்கு நான் சொன்னது. ரயில்ல வரும்போதே யோசிச்சு வச்சிருந்தேன்." அவள் கை நின்றது. "பேசாதேக்கா, தொண்டை." "தொண்டைக்கு ஒண்ணுமில்லை. கேளு. அம்மா போன அன்னிக்கே டாக்டர் கோதண்டபாணி எங்கிட்ட சொன்னார். நீ முழிச்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அவரே உட்கார்ந்திருந்தாலும் முடியாது. தூக்கத்துல தானா நின்னது. உங்கிட்டச் சொல்லச் சொன்னார். நான் சொல்லலை." வளையல் பாதி ஏறியபடி என் கையிலேயே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன், கழுத்தைத் திருப்ப முடியாததால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. "என்னிக்குச் சொன்னார்?" "அன்னிக்கே. சாயங்காலம்." "கருமாதிக்கு முன்னாடியா?" "முன்னாடி." "தெரிஞ்சா அப்படிச் சொன்னே?" "தெரிஞ்சுதான்." "நான் வரச் சொல்லி மூணு தடவை கேட்டேன்கா உன்னை." "கேட்டே. வரலை. அதை மறைக்கத்தான்." என் கையை விட்டாள், எறியவில்லை, படுக்கையில் வைத்தாள், வைத்துவிட்டு என் பார்வையிலிருந்து விலகிப் போனாள். பையின் ஜிப் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். கதவுச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஜன்னல் பக்கம் மூக்கை உறிஞ்சுவது ஒரு தடவை கேட்டது. பிறகு, என்னிடம் இல்லை, ஜன்னலிடம், "அஞ்சு வருஷம்" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "இனிமே உங்கிட்ட எனக்குப் பேச்சு கிடையாது" என்றாள். சரி என்றேன். கூட இருப்பவர்கள் படுக்கிற ரெக்சின் கட்டில் கிறீச்சென்றது. விசிறி சுற்றியது. சாப்பாட்டு வண்டி வந்து போனது, வெயில் ஸ்விட்ச் வரைக்கும் ஏறி இறங்கத் தொடங்கியது, எழில் மருந்துப் பையோடு கதவைத் தள்ளி உள்ளே வந்து, அங்கேயே நின்றுவிட்டாள். "என்னம்மா இது" என்றாள் கிசுகிசுப்பாக, "நேத்து மத்தியானம் கொஞ்சம் படுங்க சித்தின்னு கெஞ்சினேன், பாட்டி போனதுலேர்ந்து பகல்ல கண்ணே மூடறதில்லைன்னாங்க. நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க. இப்போ பாரு." என்னால் பார்க்க முடியாது. காதைக் கொடுத்தேன். மூச்சு நீளமாக வந்தது, நடுவில் லேசான குறட்டை, சின்ன வயதில் எனக்குப் பக்கத்துப் பாயில் விட்ட அதே குறட்டை, வாய் திறந்திருக்கும் இப்போது, எழுந்ததும் மாயவரம் வண்டிக்குக் கிளம்பிவிடுவாள், போகட்டும், எத்தனை மணிக்கு வண்டி என்று தெரியவில்லை, அதுவரைக்கும் தூங்கட்டும், நான் முழித்திருக்கிறேன். நர்ஸ் ஒருத்தி கதவைப் படாரென்று திறந்துகொண்டு வந்தாள். "என்னம்மா, உதடு மரத்துப்போகுதா? விரல் நுனியெல்லாம் சுருசுருன்னு இருக்கா? இருந்தா கால்சியம் இறங்குதுன்னு அர்த்தம், உடனே சொல்லணும்." சுருசுருவென்றுதான் இருந்தது. கையை மட்டும் தூக்கி அவளை நிறுத்தினேன்.

"மெல்லப் பேசுங்க" என்றேன். "தூங்கறா."